கலையத் தொடங்கிய படையும் தலைவரின் சொல்லும்

போரின் முடிவைத் தீர்மானிப்பவை ஆயுதம், உணவு, எண்ணிக்கை, நிலம் ஆகியவைதானே. படைத்தலைவரின் பேச்சுக்கு மெய்யாகவே ஏதேனும் ஆற்றல் உண்டா, அல்லது அது வரலாற்றை எழுதியவர்கள் பிற்காலத்தில் சேர்த்த அலங்காரமா என்பது கேள்வி. அப்படி ஓர் ஆற்றல் இருக்குமானால் அதைப் பயிற்சியால் பெற முடியுமா என்பது அதனுடன் சேர்ந்த இன்னொரு கேள்வி.

ஆற்றல் உண்டு என்பதே என் பதில். ஆனால் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் அது இருப்பதில்லை. இரு படைகளும் எதிரெதிரே நிற்க, தலைவர் குதிரை மீதிருந்து முழங்க, கேட்ட வீரர்கள் ஆவேசம் கொண்டு பாய்ந்தார்கள் என்ற சித்திரத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பேச்சு தன் வேலையைச் செய்வது பெரும்பாலும் மோதலுக்குப் பல நாட்கள் முன்பு, படை உள்ளுக்குள் கலையத் தொடங்கும் வேளையில்தான். அங்கும் அது நிலைமையை மாற்றுவதில்லை. நிலைமையைப் பற்றி வீரர்கள் கொண்டிருக்கும் மதிப்பீட்டைத்தான் மாற்றுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், ஒரே விதமான பேச்சு ஓரிடத்தில் வென்று இன்னோரிடத்தில் தோற்றது ஏன் என்பதும் விளங்கும்.

அலங்காரம் என்ற ஐயத்தில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பண்டைய கிரேக்கத்தில் ஏதென்ஸுக்கும் ஸ்பார்டாவுக்கும் நடந்த பெலோபொனேசியப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ், பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருப்பது கடினம் என்றும், உண்மையில் பேசப்பட்டதன் பொதுக் கருத்தை ஒட்டி, அந்தச் சூழலுக்கு எது தேவையாக இருந்திருக்கும் என்று தமக்குத் தோன்றியதை எழுதியதாகவும் வெளிப்படையாகவே கூறுகிறார். அலெக்சாண்டரின் புகழ்பெற்ற உரைகளை நமக்குத் தரும் அரியன், அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் பிற்பட்டவர். 1588இல் ஸ்பானியக் கப்பற்படையை எதிர்பார்த்து டில்பரியில் கூடியிருந்த வீரர்களிடம் முதலாம் எலிசபெத் ஆற்றிய உரையின் பிரபலமான வடிவம், பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்தே கிடைக்கிறது. அவர் பேசிய நாளில் அந்தக் கப்பற்படை ஏற்கெனவே வடக்கு நோக்கி விரட்டப்பட்டுவிட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 1796இல் இத்தாலிக்குள் நுழையவிருந்த பிரெஞ்சுப் படையிடம் நெப்போலியன் பேசியதாகச் சொல்லப்படும் 'உங்களுக்கு உடையில்லை, உணவில்லை' என்ற உரையும் பிற்காலத்தில் செயின்ட் ஹெலினா தீவில் அவர் சொல்ல எழுதப்பட்டதே.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மைல் கணக்கில் நீண்டு நிற்கும் அணிவகுப்பில், உலோகக் கவசங்களின் சத்தத்துக்கும் குதிரைகளின் கனைப்புக்கும் நடுவே, ஒருவர் பேசுவது எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? டென்மார்க் வரலாற்றாசிரியர் மோகன்ஸ் ஹான்சன், பண்டைய போர்க்களப் பேருரைகள் பெரிதும் எழுத்தாளர்களின் படைப்பே என்றும், தலைவர்கள் உண்மையில் செய்தது அணியின் நெடுகிலும் நடந்துகொண்டே ஆங்காங்கே ஓரிரு வாக்கியங்கள் சொன்னதுதான் என்றும் 1993இல் வாதிட்டார். எல்லோரும் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனால் கி.மு. 424இல் டீலியத்தில் நடந்ததைப் பார்த்தால் சிக்கல் எத்தகையது என்பது தெரியும். ஏதென்ஸின் அண்டை நாடான பியோஷியாவின் படைத்தலைவர் பகோண்டாஸ், எல்லோரும் ஒரே நேரத்தில் ஆயுதங்களை விட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக, தம் படையைப் பிரிவு பிரிவாக அழைத்துப் பேசினார். எதிர்த்தரப்பில் இருந்த ஏதென்ஸ் தளபதி ஹிப்போகிராட்டீஸ் (மருத்துவர் அல்லர், அதே பெயருடைய வேறொருவர்) அணியின் ஓரத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தார். அவர் பாதி அணியைத் தாண்டுவதற்குள் பியோஷியர்கள் போர்ப்பாடலை எழுப்பிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கிவிட்டார்கள். மீதிப் பாதி அணி அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. அன்று ஏதென்ஸ் இழந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் அவரும் ஒருவர்.

ஆகவே களத்துப் பேருரை என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். களத்தில் நிகழ்ந்த சொல்லாற்றலுக்கு நம்பத்தக்க சான்று வேண்டுமானால், கி.மு. 57இல் சாம்ப்ர் ஆற்றங்கரையில் ஜூலியஸ் சீசர் செய்ததைச் சொல்லலாம். பன்னிரண்டாம் லீஜியன் (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட ரோமப் படைப்பிரிவு) நெருக்கியடித்துக்கொண்டு வாள் வீசக்கூட இடமின்றித் தவித்தபோது, கேடயம் இல்லாமல் வந்திருந்த அவர் பின்வரிசை வீரர் ஒருவரின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். நூற்றுவர் தலைவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். வாள் வீச வசதியாக இடைவெளி விட்டு நிற்கும்படி கட்டளையிட்டார். அங்கே உரை எதுவும் இல்லை. பெயர்களும் ஒரு கட்டளையும் மட்டுமே இருந்தன. அந்த நேரத்தில் அதற்கு மேல் எதுவும் யார் காதிலும் ஏறாது.

அதே சீசரின் மெய்யான சொல்வன்மை அதற்கு முந்தைய ஆண்டு, கி.மு. 58இல், வெசோன்டியோ என்ற ஊரில் வெளிப்பட்டது. இன்று அது பிரான்சின் பெசன்சோன். ஜெர்மானியத் தலைவர் அரியோவிஸ்டஸை எதிர்க்கச் செல்லும் வழியில் தானியம் சேகரிப்பதற்காகப் படை அங்கே சில நாட்கள் தங்கியது. உள்ளூர்க்காரர்களும் வணிகர்களும் ஜெர்மானியர்களின் உருவத்தைப் பற்றியும், அவர்கள் பார்வையைக்கூடத் தாங்க முடியாது என்றும் சொன்ன கதைகள் முகாமில் பரவின. அச்சம் முதலில் பிடித்தது சாதாரண வீரர்களை அல்ல. நட்பின் பேரில் ரோமிலிருந்து கூட வந்திருந்த, போர் அனுபவம் குறைந்த இளம் அதிகாரிகளையே. சிலர் ஏதேதோ காரணம் சொல்லி விடுப்புக் கேட்டார்கள். வெட்கத்தால் தங்கியவர்கள் கூடாரத்துக்குள் முடங்கிக் கண்ணீர் விட்டார்கள். முகாம் முழுவதும் உயில்கள் எழுதி முத்திரையிடப்பட்டன. பின்னர் அனுபவசாலிகளுக்கும் அது தொற்றியது. கோழை என்ற பெயர் வரக் கூடாது என்று நினைத்தவர்கள், 'எதிரியைக் கண்டு அஞ்சவில்லை, வழியிலுள்ள காடுகளும் குறுகலான பாதைகளும்தான் கவலை', 'தானியம் ஒழுங்காக வந்து சேருமா என்பதுதான் கவலை' என்று பேசத் தொடங்கினார்கள். புறப்படச் சொன்னால் படை நகராது என்று சிலர் சீசரிடமே சொன்னார்கள்.

சீசர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலாவதாக, அவர் முழுப் படையையும் கூட்டவில்லை. எல்லா நிலைகளிலும் உள்ள நூற்றுவர் தலைவர்களை ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைத்தார். அதாவது, தாம் சொன்னதை அன்று மாலைக்குள் ஒவ்வொரு கூடாரத்துக்கும் தம் சொந்த மொழியில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர்களை. அடுத்து, எங்கே போகிறோம், எந்தத் திட்டத்தோடு போகிறோம் என்று விசாரிப்பது உங்கள் வேலையல்ல என்று கடிந்துகொண்டார். கடிந்ததோடு நின்றிருந்தால் வெறும் அதட்டலாகப் போயிருக்கும். அவர் அச்சத்தை இழை இழையாகப் பிரித்தார்: ஜெர்மானியர்களை நம் தந்தையர் காலத்தில் ரோமத் தளபதி மாரியஸ் முறியடித்திருக்கிறார்; அவர்களைப் பலமுறை வென்ற ஹெல்வெட்டியர்களை நாமே இந்த ஆண்டு வென்றோம்; தானியத்தை அண்டை இனத்தார் தருகிறார்கள், வயலில் கதிர் முற்றிவிட்டது; பாதை எப்படிப்பட்டது என்பதை நீங்களே விரைவில் பார்ப்பீர்கள். கடைசியாக, பின்னொரு நாளைக்கு வைத்திருந்த பயணத்தை அன்றிரவே நான்காம் சாமத்தில் தொடங்கப் போவதாகவும், வேறு யாரும் வராவிட்டாலும் பத்தாம் லீஜியனை மட்டும் அழைத்துக்கொண்டு போவதாகவும், அதன் மீது தமக்கு ஐயமே இல்லை என்றும் அறிவித்தார்.

பத்தாம் லீஜியன் அதிகாரிகளை அனுப்பி நன்றி சொன்னது. மற்ற லீஜியன்கள், தாங்கள் ஒருபோதும் தயங்கியதே இல்லை என்று சமாதானம் சொல்ல ஆளனுப்பின. இந்த நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர் சீசரே என்பதால் அதில் தற்புகழ்ச்சி கலந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் போகிற போக்கில் தரும் இன்னொரு செய்திதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: புறப்பட்ட படையை அவர் குறுகலான காட்டுப் பாதையில் கொண்டுபோகவில்லை; ஐம்பது மைலுக்கும் மேல் சுற்றி, திறந்த வெளி வழியாக நடத்திச் சென்றார். வீரர்களின் குறைகளில் எது சாக்கு, எது உண்மை என்று பார்க்காமல், வெளியே சொல்லப்பட்ட காரணத்தைச் செயலால் நீக்கிவிட்டார். பேச்சு அச்சத்தை உடைத்தது. சுற்றுப்பாதை அது திரும்ப முளைக்க இடம் தரவில்லை.

இனி இதையே அலெக்சாண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையில் மாசிடோனியப் படை மேலே நகர மறுத்தது. அலெக்சாண்டர் அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். இதுவரை வென்ற நாடுகளை அடுக்கினார். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார். நீண்ட மௌனத்துக்குப் பின் முதிய தளபதி கோய்னஸ் எழுந்து, புறப்பட்டபோது எத்தனை பேர் இருந்தோம், இப்போது எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும்படி கேட்டார். கூடியிருந்தவர்களில் பலர் அழுதார்கள். மறுநாள் அலெக்சாண்டரும் ஏறத்தாழ சீசர் பிற்காலத்தில் சொன்னதையே சொன்னார்: யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன், விரும்பி வருபவர்களோடு போகிறேன். பிறகு கூடாரத்துக்குள் போய், மூன்றாம் நாள்வரை வெளியே வராமல், மனம் மாறுவார்களா என்று காத்திருந்தார். முகாம் அசையவில்லை. கடைசியில் ஆற்றைக் கடக்க நிமித்தம் சரியில்லை என்று காரணம் காட்டித் திரும்ப வேண்டியதாயிற்று.

இருவரும் ஆடியது ஒரே ஆட்டம். அலெக்சாண்டர் சீசரைவிடக் குறைந்த பேச்சாளர் என்று யாரும் சொல்ல முடியாது. வேறுபாடு கேட்டவர்களிடம் இருந்தது. வெசோன்டியோவில் வீரர்களைப் பிடித்தது வதந்தி. பியாஸ் கரையில் நின்றவர்களைப் பிடித்தது எட்டு ஆண்டு நடை, விடாத பருவமழை, இறந்துபோன தோழர்கள். வதந்தியைச் சொல்லால் கலைக்கலாம். களைப்பு மதிப்பீட்டில் நேர்ந்த பிழை அல்ல. எனவே பேச்சுக்கு அங்கே பிடிப்பு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஓபிஸில் அவரே வேறொரு கலகத்தை அடக்கினார். கலகத்தைத் தூண்டிய பதின்மூன்று பேரைக் கொல்ல அனுப்பிவிட்டு, மற்றவர்களை நன்றி மறந்தவர்கள் என்று சாடிப் பேசிவிட்டு உள்ளே போனார். மூன்றாம் நாள் பாரசீகர்களுக்குப் பதவிகளைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியதும் மாசிடோனியர்கள் அரண்மனை வாசலில் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கெஞ்சினார்கள். அங்கே அவர்களைத் தூண்டியிருந்தது களைப்பைவிட மானமும் பொறாமையும். அவை சொல்லாலும் செயலாலும் அசையக்கூடியவை.

வென்ற பேச்சுகளில் பெரும்பாலும் காணப்படும் ஒரு கூறு, பேசுபவர் தம்மையே பணயமாக வைப்பது. தமிழில் இதற்கு வஞ்சினம் என்ற தனி மரபே உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 72ஆம் பாட்டு அதற்கு மிகத் தெளிவான சான்று. தன்னை இளையவன் என்று இகழ்ந்த பகைவரை முரசோடு சேர்த்துக் கைப்பற்றாவிட்டால், குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். வீரர்களே, நீங்கள் இப்படி இருங்கள் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. தோற்றால் தான் எதை இழப்பான் என்பதை மட்டும் ஊரறியச் சொல்கிறான். பின்வாங்கும் வழியைத் தானே அடைத்துக்கொண்டவனின் சொல்லுக்கு, கேட்பவர் மனத்தில் தனி எடை கிடைக்கிறது.

பாபர் 1527இல் கான்வாவில் மேவார் அரசர் ராணா சங்காவை எதிர்கொள்ளும் முன் செய்ததும் இவ்வகையே. ராஜபுத்திரர்களின் வலிமை பற்றிய பேச்சும், காபூலிலிருந்து வந்த ஒரு சோதிடரின் தீய கணிப்பும் முகாமைக் கலக்கியிருந்தன. ஒருவரிடமிருந்தும் துணிவான சொல்லோ ஆலோசனையோ வரவில்லை என்று பாபரே எழுதுகிறார். மதுவில் மிகுந்த விருப்பமுடைய அவர், பிப்ரவரி மாத இறுதியில் அதை விட்டுவிடுவதாக அறிவித்து, பொன், வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். வந்திருந்த மதுவில் உப்புப் போடச் செய்தார். அதற்குப் பிறகே தலைவர்களைக் கூட்டி, பிறந்தவர் எல்லோரும் இறப்பவரே, பழியோடு வாழ்வதைவிடப் புகழோடு இறப்பது மேல் என்று பேசி, குர்ஆன் மீது உறுதிமொழி வாங்கினார். எவரும் சொல்லக்கூடிய சொற்கள்தான் அவை. உடைந்த கிண்ணங்களுக்கு அருகில் நின்று சொன்னதால் அவை வேலை செய்தன. மார்ச் மாதத்தில் போரை வென்றார்.

ஆனால் சொல்லாற்றலின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், எதிரியோடு தொடர்பே இல்லாத ஒரு நிகழ்ச்சியைத்தான் காட்டுவேன். 1783 மார்ச் 15. அமெரிக்க விடுதலைப் போர் நடைமுறையில் முடிந்துவிட்டது. நியூபர்க் முகாமிலிருந்த அதிகாரிகளுக்கு நெடுங்காலமாகச் சம்பளம் வரவில்லை; வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தருமா என்பதும் ஐயம். காங்கிரசை மிரட்டத் தூண்டும் பெயரில்லாக் கடிதம் ஒன்று சுற்றிவந்திருந்தது. அதிகாரிகள் கூடிய இடத்துக்கு, வருவார் என்று யாரும் எதிர்பார்க்காத ஜார்ஜ் வாஷிங்டன் வந்தார். எழுதிக் கொண்டுவந்த உரையை வாசித்தார். நல்ல உரைதான், பொறுமை காக்கச் சொன்னது, உங்கள் இன்பதுன்பங்களில் தொடக்கம் முதல் உடன் இருந்தவன் நான் என்று நினைவூட்டியது. இருந்தும் முகங்கள் இளகவில்லை. பின்னர், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தை வாசித்துக் காட்ட எடுத்தார். சில வரிகளிலேயே தடுமாறி நின்றார். சட்டையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிந்து அவர்களில் மிகச் சிலரே பார்த்திருந்தார்கள். நாட்டின் பணியில் நரைத்தது மட்டுமல்ல, பார்வையும் மங்கிப்போனது என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கடிதத்தை வாசித்தார். பலர் கண்கலங்கினார்கள். அவர் வெளியேறிய பின், காங்கிரஸ் மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் நிறைவேறியது.

அது திட்டமிட்ட நடிப்பா, தற்செயலா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அது முக்கியமாகத் தோன்றவில்லை. எட்டு ஆண்டுகள் அதே படையோடு இருந்திராத ஒருவர் அதை நடித்திருந்தால் சிரிப்புத்தான் வந்திருக்கும். இங்கே குறை உண்மையானது, பியாஸ் கரையின் களைப்பைப் போலவே. வாஷிங்டன் அதை மறுக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை. நமக்கு மட்டும்தான் இந்த இழப்பு என்று அதிகாரிகள் கொண்டிருந்த எண்ணத்தைத்தான் அந்தக் கண்ணாடி கலைத்தது. ஒரு வாரத்தில், மார்ச் 22 அன்று, ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஐந்தாண்டு முழுச் சம்பளம் தரக் காங்கிரஸ் தீர்மானித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அச்சு பரவிய பிறகு தலைவரின் சொல் காகிதத்தில் ஏறியது. 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முந்தைய நாள் நெப்போலியன் வெளியிட்ட அறிவிக்கை, எதிரி நம் வலப்புறத்தைச் சுற்றி வளைக்க வரும்போது தன் விலாவை நமக்குத் திறந்து காட்டுவான் என்று போர்த்திட்டத்தின் சாரத்தையே சிப்பாய்களுக்குச் சொன்னது. நீங்கள் வழக்கம்போலப் போரிட்டால் நான் குண்டு படாத தொலைவில் நிற்பேன், வெற்றி ஒரு கணம் ஐயத்துக்குள்ளானாலும் உங்கள் பேரரசர் முன்வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள் என்றும் அதில் இருந்தது. பழைய வஞ்சினத்தின் அச்சு வடிவம்தான் இது.

இருபதாம் நூற்றாண்டில் எனக்கு இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி. 1942 ஆகஸ்ட் 13 அன்று எகிப்தில் பிரிட்டிஷ் எட்டாம் படையின் பொறுப்பை ஏற்ற அவர், அன்று மாலையே தலைமையகத்தின் அதிகாரிகளைக் கூட்டினார். ஜெர்மானியத் தளபதி ரோமெலிடம் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டே வந்திருந்த படை அது. அடுத்த தாக்குதல் வந்தால் நிற்பதா, நைல் கழிமுகத்துக்குப் போவதா என்பதில் தெளிவில்லை. மாண்ட்கோமரிக்கு மெல்லிய, கீச்சுக் குரல்; தோற்றமும் எடுப்பானதல்ல. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனால் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும் என்று தொடங்கினார். இங்கேயே நின்று போரிடுவோம், இனிப் பின்வாங்கல் இல்லை, உயிரோடு இங்கே இருக்க முடியாவிட்டால் பிணமாக இருப்போம் என்றார். இந்த வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் உரையின் பெரும்பகுதி வெறும் ஏற்பாடுகள்: பின்வாங்கல் பற்றிய திட்டங்களையும் உத்தரவுகளையும் உடனே எரிக்கச் சொல்லியாயிற்று, கழிமுகத்தில் இருக்கும் படைகள் முன்னால் வருகின்றன, முந்நூறு, நானூறு புதிய ஷெர்மன் டாங்கிகள் வர இருக்கின்றன, தலைமையகம் விமானப்படைத் தலைமையகத்தின் பக்கத்துக்கு மாறுகிறது. அங்கிருந்த அதிகாரிகளை வாட்டியது கோழைத்தனம் அல்ல, தெளிவின்மை. அந்தத் தெளிவின்மையை அன்று மாலை அவர் தீர்த்துவைத்தார். மாத இறுதியில் ஆலம் ஹல்ஃபாவில் ரோமெலின் தாக்குதல் வந்தபோது படை நின்ற இடத்திலேயே நின்றது.

மற்றவர் பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்து பிரிட்டிஷ் பதினான்காம் படையை நடத்திய வில்லியம் ஸ்லிம். அவர் பிரிவு பிரிவாகப் போய், பெரும்பாலும் ஜீப்பின் மேல் ஏறி நின்று, ஆங்கிலத்திலும் உருதுவிலும் கூர்க்கா வீரர்களின் மொழியான கூர்க்காலியிலும் பேசினார். ஒருமுறை இந்திய வீரர்களிடம் உருதுவில் முழங்கிவிட்டு, நன்றாகப் பேசினேன் அல்லவா என்று உதவியாளரிடம் கேட்க, இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் முழுக்கக் கூர்க்காலிக்குப் போய்விட்டீர்கள் என்று அவர் சொன்னாராம். இதை ஸ்லிமே எழுதியிருக்கிறார். தம் பேச்சின் பெரும்பகுதி சோறு, சம்பளம், விடுப்பு, பீர், தபால், போர் எப்படிப் போகிறது என்பவற்றைப் பற்றியதாகவே இருந்தது என்றும், கடைசியில்தான் உயர்ந்த நோக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியதாகவும் சொல்கிறார். முன்னணியில் ஒரு பிரிவு அரை ரேஷனுக்கு இறங்க வேண்டி வந்தால் தம் தலைமையகத்தையும் அரை ரேஷனில் வைத்தார். அதனால் தலைமையக அதிகாரிகளுக்கு முன்னணியின் உணவு நிலைமை மறக்காமல் இருந்தது. பேச்சுக்கு வேண்டிய எடையும் அங்கிருந்தே வந்தது.

அதே பர்மா எல்லையில் எதிர்ப்பக்கம் இருந்த சுபாஷ் சந்திர போஸ் வேறு வகைப் பேச்சாளர். 1943 ஜூலை 5 அன்று சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பில், இப்போதைக்குப் பசி, தாகம், துன்பம், கடும் நடை, மரணம் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் உங்களுக்குத் தர முடியாது என்று பேசினார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் கூலி வேலை செய்த, ராணுவத்தையே அறியாத தமிழர்கள் பெருந்திரளாகச் சேர்ந்ததிலும், ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் வந்ததிலும் அந்தச் சொல்லின் பங்கு மறுக்க முடியாதது. படைக்கு ஆள் சேர்க்க அவரது சொல் போதுமானதாக இருந்தது. 1944இல் இம்பால் மலைகளில் உணவும் மருந்தும் வராதபோது போதவில்லை. எந்தச் சொல்லும் போதியிருக்காது. ஆனாலும் 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது அந்தப் பெண்களை விட்டுவிட்டு முன்னே போக மறுத்து அவர்களோடு நடந்தார் என்பதால், தோற்ற பிறகும் அவர் சொல் செல்லாக்காசாகவில்லை.

இதற்கெல்லாம் எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. 1948இல் எட்வர்ட் ஷில்ஸ், மாரிஸ் ஜனோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தோல்வி உறுதியான பிறகும் ஜெர்மானியப் படை சிதறாமல் போரிட்டதற்குக் காரணம் கொள்கையைவிடச் சிறு குழுவின் பிணைப்பே என்று காட்டினார்கள். பக்கத்தில் நிற்கும் தோழனுக்காகத்தான் சிப்பாய் போரிடுகிறான் என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்து. இது உண்மையென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தச் சிறு குழு எந்தப் பக்கம் சாயும் என்பது இதனால் தீர்மானமாவதில்லை. நெருங்கிப் பிணைந்த குழு சேர்ந்து போரிடும்; சேர்ந்தே போரிட மறுக்கவும் செய்யும். சீசர் நூற்றுவர் தலைவர்களிடம் பேசியது இதனால்தான்.

கெட்ட பேச்சு வெறுமனே வீணாவதில்லை, படையை அழிக்கவும் வல்லது. 1917இல் பிரெஞ்சுத் தளபதி நிவெல், இரண்டு நாட்களுக்குள் ஜெர்மானிய அணியை உடைத்துவிடுவேன் என்று தம் பேச்சுத்திறமையால் அரசியல்வாதிகளை நம்பவைத்தார். சரளமான ஆங்கிலத்தால் பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜையும் கவர்ந்தார். அந்த உறுதி சிப்பாய்கள்வரை பரவியிருந்தது. ஏப்ரல் 16 அன்று ஷமேன் தே டாம் முகட்டில் தாக்குதல் தொடங்கி, அணி உடையாமல் நாட்கள் கடந்தபோது, அதற்கு முன் இதைவிடப் பெரிய இழப்புகளைத் தாங்கிய படை கலகத்தில் இறங்கியது; ஏறத்தாழப் பாதி டிவிஷன்கள் பாதிக்கப்பட்டன. இழப்பைவிட ஏமாற்றமே அதை உடைத்தது என்பது என் கணிப்பு. அவர் இடத்துக்கு வந்த பெத்தேன் தண்டனைகளும் கொடுத்தார். ஆனால் டிவிஷன் டிவிஷனாகப் போய்க் குறைகளைக் கேட்டார், விடுப்பை ஒழுங்குபடுத்தினார், உணவைச் சீர்செய்தார்.

இன்னொரு வகைக் கேடு, சொல் தான் போக வேண்டிய எல்லையைத் தாண்டிப் போய்விடுவது. 1900 ஜூலை 27 அன்று, சீனாவுக்குப் புறப்பட்ட படையிடம் பிரேமர்ஹாஃபனில் பேசிய ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம், கருணை காட்டாதீர்கள், கைதிகளைப் பிடிக்காதீர்கள் என்றும், ஹூணர்களைப் போலப் பெயர் எடுங்கள் என்றும் முழங்கினார். அதிகாரிகள் திருத்திய வடிவத்தை வெளியிட்டும், அங்கிருந்த செய்தியாளர்கள் குறித்துக்கொண்டது வெளிவந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மானியர்களை அந்தப் பெயராலேயே அவர்களின் எதிரிகள் அழைத்தார்கள். இதற்கு நேரெதிராக, 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் நுழையும் முன் குவைத் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் ஐரிஷ் படைப்பிரிவிடம் அதன் தளபதி டிம் காலின்ஸ் பேசியபோது, போரில் கடுமையாக இருங்கள், வெற்றியில் பெருந்தன்மையோடு இருங்கள் என்றும், சரணடைபவர்கள் ஒருநாள் தம் குடும்பத்திடம் திரும்பிப் போவதை உறுதிசெய்யுங்கள் என்றும் சொன்னார். அந்தப் போர் சரியா என்பது வேறு விவாதம். கொல்ல அனுப்பப்படும் இளைஞர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வது தலைவரின் சொல்லுக்குரிய கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

பயிற்சியால் வருமா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்லலாம். குரல் வளம் தேவையில்லை என்பதற்கு மாண்ட்கோமரி சான்று. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனுக்கும் (Patton) மெல்லிய, உச்சக் குரல்தான் இருந்தது. ஸ்லிம் இரண்டே தேவைகளைக் குறிப்பிடுகிறார்: எதைப் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அதைத் தாமே நம்ப வேண்டும். முதலாவதைக் கற்றுத்தர முடியும். ராணுவப் பயிற்சி நிலையங்களில் இளம் அதிகாரிகளை மணலில் அமைத்த நில மாதிரிக்கு முன்னால் நிறுத்தி, எதிரி எங்கே, நாம் என்ன செய்யப் போகிறோம், எதற்காக என்று வாய்மொழியாக உத்தரவு சொல்லப் பழக்குகிறார்கள்; சொல்லி முடித்ததும் கேட்டவர்களைத் தங்கள் பங்கைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். ஒருவரால் சொல்ல முடியாவிட்டால் உத்தரவு மறுபடி சொல்லப்படும். இரண்டாவதற்குப் பாடத்திட்டம் கிடையாது. அதிகாரி எங்கே உண்கிறார், எங்கே உறங்குகிறார், தோல்விக்கு யார் பொறுப்பு என்கிறார் என்பவற்றைப் பார்த்தே சிப்பாய்கள் அதை முடிவு செய்கிறார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கரைக்குப் புறப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் வெற்றியை உறுதிகூறும் அறிவிக்கையைக் கொடுத்த நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், அது தோற்றால் வெளியிடுவதற்கென்று, பழி முழுவதும் என்னுடையது என்று தம் கையால் எழுதிய சிறு குறிப்பு ஒன்றையும் பையில் வைத்திருந்தார்.